பரண்மேல் கிடக்கும் கல்யாணக் கேசட்!

கல்யாணமாகி இருபத்தைந்து, முப்பது வருஷம் ஆன சகோதரிகளிடம் ஒன்று கேட்கட்டுமா? உங்கள் கல்யாண வீடியோ கேசட் இப்போது எங்கே இருக்கிறது? ‘பீரோவில் பத்திரமாக இருக்கிறது’ என்று உடனே சொல்கிறவர்கள் பாக்கியசாலிகள். ‘பரண்மேல் இருக்கும்… பழைய பித்தளை அண்டாவுக்குப் பின்னால்…’ என்று இழுப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

இளம் தாய்மார்களே, ‘இது எங்க அம்மா காலத்துச் சமாசாரம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்கு மொட்டை போட்டது, காது குத்தியது, தாய்மாமன் மடியில் உட்கார்ந்து நீங்கள் ஊரைக் கூட்டி அழுதது எல்லாம் உங்கள் அம்மா வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது!

எங்கள் திண்டுக்கல் 1985-ல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. எனக்குக் கல்யாணம் 1988-ல். அப்போதெல்லாம் சனிக்கிழமை ராத்திரி ‘டெக்’ வாடகைக்கு எடுத்து, கூடவே மூன்று படக் கேசட்டும் வாங்கிவந்து, தெருவே கூடி விடிய விடியப் பார்ப்போம். கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பது என்றால் பெரிய விஷயம். ஒருவர் காமிராவைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். இன்னொரு பையன் கண் கூசும் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மூன்றாமவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பின்னால் ஓடுவான். சாப்பாட்டுப் பந்தியில் இலையில் கை வைத்தவர்கள் எல்லாம் விளக்கைப் பார்த்ததும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு விறைத்து உட்காருவார்கள்! பிறகு ஸ்டுடியோவில் இதய வடிவம், பூ மழை எல்லாம் சேர்த்து, சினிமாப் பாட்டைப் போட்டுக் கேசட்டாகக் கொடுப்பார்கள்.

அந்தக் கேசட்டை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்போம்? முதல் வருஷம் வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினோம். அதற்குப் பிறகு டெக் ரிப்பேர் ஆயிற்று, சிடி வந்தது, டிவிடி வந்தது, இப்போது செல்போன். கேசட் மட்டும் பரணில் தங்கிவிட்டது.

இதில் என்ன அவசரம் என்கிறீர்களா? அவசரம் இருக்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்குகிறது. ஒன்று, நாடா கெட்டுக்கொண்டே வருகிறது. மற்றொன்று, அதைப் போட்டுப் பார்க்கும் மெஷினே உலகத்தில் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

வி.எச்.எஸ். என்ற இந்தக் கேசட்டை ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனி 1976-ல் கொண்டுவந்தது. நாற்பது வருஷம் கழித்து, 2016 ஜூலையில், அதே ஜப்பானில் ஃபுனாய் என்ற கம்பெனி ‘உதிரி பாகங்களே கிடைக்கவில்லை’ என்று சொல்லி டெக் தயாரிப்பதை நிறுத்தியது. கடைசி வரைக்கும் விடாமல் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். ஆகவே இன்று ஒரு டெக் ஓடுகிறது என்றால், அது பழைய டெக். அதன் ‘ஹெட்’ தேய்ந்துவிட்டால், இன்னொரு பழைய டெக்கிலிருந்து கழற்றித்தான் மாட்ட வேண்டும்.

நாடா சங்கதிக்கு வருகிறேன். மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் சுமார் 250 மீட்டர் நாடா சுற்றியிருக்கிறது. நம் சின்னாளபட்டி சுங்குடிச் சேலை ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நாற்பத்தைந்து சேலையை வரிசையாக விரித்த நீளம்! அகலமோ அரை அங்குலம்தான். பிளாஸ்டிக் நாடாவின்மேல் காந்தப் பொடியை ஒருவிதப் பசையில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். படமும் பேச்சும் அந்தப் பொடியில் பதிந்திருக்கின்றன. டெக்குக்குள் ஓர் உருளை நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றி அதைப் படித்துத் திரையில் காட்டுகிறது.

இந்தப் பசைதான் எமன். காற்றிலுள்ள ஈரத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, பிசுபிசுத்து, பலம் இழந்துவிடும். அப்புறம் நாடா ஓட ஓடப் பொடி உதிரும். உதிர்ந்த இடத்தில் படம் இல்லை, வெறும் வெள்ளைக் கோடுகள்தான். எங்கள் ஊரில் சித்திரை வெயிலுக்குப் பரண் சூடு தோசைக்கல்லைத் தொட்டாற்போல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் அதே பரணில் சுவர் ஓதம். சூடும் ஈரமும் மாறி மாறி அடித்தால் எந்த நாடா தாங்கும்? பத்து வருஷம் இருக்கும், முப்பது வருஷமும் இருக்கும். வைத்த இடத்தைப் பொறுத்தது.

பெரிய இடங்களிலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 1969-ல் மனிதன் சந்திரனில் கால் வைத்ததைப் பதிவு செய்த மூல நாடாக்களை அமெரிக்காவின் நாஸா தேடு தேடு என்று தேடிவிட்டு, ‘நாடாத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அழித்து மறுபடி உபயோகித்துவிட்டார்கள் போலும்’ என்று 2009-ல் சொன்னது. நல்லவேளை, டெலிவிஷனில் ஒளிபரப்பான படம் வேறு இடங்களில் இருந்ததால் உலகம் தப்பித்தது. நம் வீட்டிலும் சீமந்தக் கேசட்டின்மேல் கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்தவர்கள் உண்டல்லவா? இதற்காகவே கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு வைத்திருக்கிறார்கள். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு எதுவும் பதிவாகாது. இப்போதே எடுத்துப் பார்த்து, உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள்.

யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து 2019-ல் ‘காந்த நாடா எச்சரிக்கை’ என்றே பெயர் வைத்து உலகம் முழுக்க ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கின. 2025-ஐத் தாண்டினால் நாடாக்களை மாற்றுவது மிகவும் கஷ்டமாகிவிடும் என்பது அந்தத் துறைக்காரர்களின் கணக்கு. அந்த 2025-ம் வந்து போயாயிற்று!

எங்கள் வீட்டில் இந்த வேலை ஆரம்பமானது என் கல்யாணக் கேசட்டுக்காக அல்ல. என் அத்தைக்காக.

அத்தைக்கு எண்பத்து நான்கு வயசு. இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. காது மட்டும் பாம்புச் செவி! மாமா 1996-ல் தவறிப்போனார். ஒருநாள் சாயங்காலம் திடீரென்று, “ஏத்தா, சிங்கப்பூர்க்காரக பிள்ளைக்குக் காது குத்தையில ஒரு டேப் எடுத்தாகள்ல? அதுல உங்க மாமா பேசுவாகல்ல?” என்று கேட்டார்.

“ஆமா அத்தை. பரண்ல இருக்கும்” என்றேன்.

“அதை ஒருக்கா போடுத்தா. எனக்குப் படம் வேணாம். அவுக பேச்சு கேட்டாப் போதும்.”

1991-ல் என் மூத்த பையனுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தியபோது, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சின்ன மாமனார் கைக்காமிராவால் எடுத்த டேப் அது. எங்கள் கல்யாணக் கேசட்டிலும் மாமா முன்னும் பின்னும் நடக்கிறார், வாய் அசைகிறது. ஆனால் பேச்சு கிடையாது, மூன்று மணி நேரமும் சினிமாப் பாட்டுத்தான்! எடிட் பண்ணாத, யாரும் பாட்டுச் சேர்க்காத காது குத்துக் கேசட்டில்தான் மாமாவின் குரல் இருந்தது. உங்கள் வீட்டிலும் எந்தக் கேசட்டை முதலில் மாற்றுவது என்று யோசித்தால், அழகாக எடிட் பண்ணியதை விட்டுவிட்டு, பேச்சுச் சத்தம் இருப்பதைத் தேடி எடுங்கள்.

பரணிலிருந்து இறக்கியதும் நம் கை பரபரக்கும். உடனே எங்கேயாவது டெக்கை வாங்கிவந்து போடத் தோன்றும். கூடவே கூடாது! முதலில் கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக, மாவு தூவினாற்போல் இருந்தால் அது பூஞ்சைக் காளான். அந்தக் கேசட்டைப் போட்டால் நாடாவும் கிழியலாம், டெக்கும் நாசமாகும். அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் அது தொற்றும். சிறுமலை, பண்ணைக்காடு என்று மலைப்பக்கம் வீடு உள்ளவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த கேசட்டைத் தனியாக ஒரு காகிதப் பையில் போட்டு வையுங்கள். அதைத் தட்டுவது, ஊதுவது வேண்டாம். அந்தத் தூசி மூச்சில் போனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலில் வைத்துப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஈரத்துணியால் துடைப்பது, வெயிலில் காய வைப்பது, இந்தக் கைவைத்தியம் எல்லாம் வடகத்துக்குச் சரி, கேசட்டுக்கு வேண்டாம். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பூஞ்சை இல்லாத கேசட்டை ஒருநாள் வீட்டுக்குள் சாதாரணச் சூட்டில் வைத்திருங்கள். பிறகு நல்ல டெக்கில் போட்டு, கடைசி வரை ஓட்டி, திரும்ப ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். முப்பது வருஷம் ஒரே நிலையில் ஒட்டிக்கிடந்த நாடா கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

யாரிடம் கொடுப்பது?

அந்தக் காலத்தில் கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரர்கள், டிவி மெக்கானிக்குகள், இவர்களில் ஓடுகிற டெக்கை இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு. விசாரித்தால் கிடைப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் அந்த நாளில் தோளில் காமிரா தூக்கிய மனிதர். தலை நரைத்துவிட்டது, டெக்கை மட்டும் பிள்ளையைப் போல் துடைத்து வைத்திருக்கிறார்.

வேலை என்னவோ எளிமைதான். டெக்கிலிருந்து மூன்று ஒயர் வரும். மஞ்சள் ஒயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. அவை ஒரு சின்னப் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போகும். கேசட் ஓட ஓட, கம்ப்யூட்டர் அதை ஃபைலாகப் பதிந்துகொள்ளும். பிறகு டிவிடியில் ஏற்றிக்கொள்ளலாம். இதில் குறுக்கு வழி கிடையாது. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். ‘பத்தே நிமிஷத்தில் காப்பி பண்ணித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு மதினிக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். வீட்டிலிருந்த கேசட் அத்தனையையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு மாதம் கழித்து டிவிடிகள் வந்தன. போட்டால் பாதிக்கு மேல் படமே இல்லை, நடுவில் நாடா சிக்கியிருக்கிறது. யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஒன்றில் ‘சத்தம் இரைச்சலா இருந்துச்சுக்கா, அதான் பாட்டுப் போட்டுட்டோம்’ என்று புதுப் பாட்டு வேறு! அந்த இரைச்சலில்தான் அவருடைய அம்மாவின் தாலாட்டு இருந்திருக்கிறது. கேசட்டைத் திருப்பி வாங்கியிருந்ததால், வேறொருவரிடம் கொடுத்து மறுபடி எடுக்க முடிந்தது.

ஆகவே முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுங்கள். அது நன்றாக வந்தால் அடுத்தது. ஒவ்வொன்றின்மேலும் நம்பர் போட்டு, வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘பாட்டு, பூ, எழுத்து எதுவும் சேர்க்கக் கூடாது, உள்ளது உள்ளபடி வேண்டும்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். கூலி கேசட்டுக்கா, மணிக்கணக்குக்கா, டிவிடி விலை சேர்த்தா என்பதையும் முன்னாலேயே பேசிவிட வேண்டும். சாதாரண டிவிடி ஒன்றில் 4.7 ஜி.பி. கொள்ளும். நல்ல தரத்தில் இரண்டு மணி நேரம்தான் அதில் ஏறும். மூன்று மணி நேரத்தை ஒன்றிலேயே அடைத்தால் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். இட்லித் தட்டில் மாவை வழிய ஊற்றினாற்போல்தான்! இரண்டு தகடாகப் போடச் சொல்லுங்கள்.

‘நாங்கள் 2000-த்திலேயே சிடியில் மாற்றிவிட்டோமே’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் வி.சி.டி. டிவிடியில் உள்ள படப்புள்ளிகளில் கால்வாசிதான் அதில் இருக்கும். மூலக் கேசட் இன்னும் நல்ல நிலையில் இருந்தால், அதிலிருந்து மறுபடி எடுப்பதே மேல்.

அமெரிக்கா, கனடாவிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பிய கேசட் இருக்கிறதா? நம் நாட்டில் ‘பால்’ முறை, அங்கே ‘என்.டி.எஸ்.சி.’ முறை. சாதாரண டெக்கில் போட்டால் படம் ஓடியாடும், கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு முறையும் தெரிந்த டெக் வேண்டும், அவ்வளவுதான். அதேபோல் உள்ளங்கை அளவுள்ள சின்னக் கைக்காமிராக் கேசட்டுகளில் பல வகை உண்டு. வி.எச்.எஸ்.-சி என்றால் ஒரு கூட்டுக்குள் வைத்துச் சாதாரண டெக்கிலேயே போடலாம். எட்டு மில்லிமீட்டர் கேசட்டுக்கு அந்த வசதி இல்லை, அதற்கென்று உள்ள மெஷினேதான் வேண்டும்.

இவ்வளவு செய்தும் படம் இப்போதைய செல்போன் வீடியோபோல் பளிச்சென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கேசட்டில் உள்ளதுதான் தகட்டில் வரும். பெரிய டிவியில் போடும்போது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். திரை நிறைய வேண்டும் என்று இழுத்தால், ஒல்லியாக இருந்த காலத்து நீங்களும் குண்டாகத்தான் தெரிவீர்கள்!

காது குத்து டேப்புக்கு வருகிறேன். நாற்பது நிமிஷம் ஓடுகிறது. பாதி நேரம் காமிரா தரையைக் காட்டுகிறது, யாரோ ஒருவருடைய முதுகைக் காட்டுகிறது. அத்தையைச் சோபாவில் உட்காரவைத்து, டிவி சத்தத்தைக் கூட்டினோம். பிள்ளை அழுகிறது, ஆசாரி என்னமோ சொல்கிறார், ஆட்டுச் சத்தம், பெண்கள் குலவை. அந்தக் கூச்சலுக்கு நடுவே மாமா குரல்: “பிள்ளைய வெயில்ல வச்சிக்கிட்டு என்ன பேச்சு? நெழலுக்குக் கொண்டாங்க… ஏ, உங்களைத்தான்!”

அந்த ‘உங்களைத்தான்’ யாரை என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தைதான் சிரித்தார். “என்னையத்தான். பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாகல்ல!” என்றார். பிறகு, “அதை மட்டும் திரும்பப் போடுய்யா” என்று பேரனிடம் கேட்டார். ஏழெட்டுத் தடவை போட்டிருப்பான். கடைசியில் அந்த ஒரு நிமிஷத்தைத் தனியாக வெட்டி அத்தையின் செல்போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் வழக்கம்போல் என் சாம்பாரில் உப்புக் குறை கண்டுபிடித்தார், எனக்கும் நிம்மதியாயிற்று.

வயதானவர்களுக்கு இப்படிப் போட்டுக் காட்டும்போது முதலில் நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுங்கள். என்னென்ன முகம் வருகிறது, யார் இப்போது இல்லை என்று தெரிந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளத் தோதாக இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால், தூங்கப் போகும் நேரத்தில் எல்லாம் வேண்டாம். பகல் பொழுதே நல்லது.

தகடு வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியுமா என்றால், முடியாது. நாம் பதிந்துகொள்ளும் டிவிடிக்குள் ஒருவிதச் சாயப்பூச்சு இருக்கிறது. அதில்தான் எல்லாம் பதிகிறது. வெயில் பட்டால் சுங்குடிச் சேலை வெளுப்பதுபோல் அதுவும் வெளுக்கும். கெட்டியான டப்பாவில், நிமிர்த்தி, இருட்டான அலமாரியில் வையுங்கள். ஓரத்தைப் பிடித்தே எடுக்க வேண்டும். மேலே ஸ்டிக்கர் ஒட்டாமல், தகட்டில் எழுதுவதற்கென்று விற்கும் மைப்பேனாவால் எழுதலாம். பக்கத்தில் பாச்சை உருண்டை போடாதீர்கள், சில பிளாஸ்டிக்குக்கு அந்த ஆவி ஆகாது.

இன்னொரு சங்கடம், இப்போது வருகிற லாப்டாப்புகளில் தகடு போடும் இடமே இருப்பதில்லை. டெக்குக்கு வந்த கதி டிவிடி பிளேயருக்கும் வந்துகொண்டிருக்கிறது. அதனால் கம்ப்யூட்டரில் பதிந்த ஃபைலையும் கேட்டு வாங்கி, ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பிரதி வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டிலோ நாத்தனார் வீட்டிலோ இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியது கணக்கில் சேராது, அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பழைய கேசட்டையும் எறியாமல், நாடாவை ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, புத்தகம்போல் நிமிர்த்தி பீரோவில் வையுங்கள். ஸ்பீக்கர், மிக்சி, கிரைண்டர் பக்கத்தில் வேண்டாம். அவற்றில் காந்தம் இருக்கிறது.

கல்யாணக் கேசட்டைப் போட்டபோது இன்னொன்று தெரிந்தது. பந்தியில் உட்கார்ந்திருக்கும் முகங்களில் பாதிப் பேர் யாரென்று எனக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. பெரிய நாத்தனாரை வரவழைத்து, நிறுத்தி நிறுத்திப் போட்டு, ‘இது நத்தத்துப் பெரியப்பா, இது வேடசந்தூர்ச் சின்னம்மா’ என்று சொல்லச் சொல்ல, எத்தனையாவது நிமிஷத்தில் யார் என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். அந்த நோட்டைச் செல்போனில் படம் எடுத்து, ஃபைலோடு சேர்த்து வைத்திருக்கிறான் பையன்.

அடுத்தது சின்னாளபட்டியில் என் அம்மா வீட்டில் கிடக்கும் நான்கு கேசட். ஆடி மாதத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் ஸ்டுடியோக்காரர்களுக்கு அப்போதுதான் கை ஓய்வு. உட்கார்ந்து, பார்த்து, நிதானமாக எடுத்துத் தருவார்கள். ஐப்பசி மழை வருவதற்குள் வேலையும் முடிந்துவிடும்.